ஜாவா டீபக்கர் ஓடாதபோதும் நிற்காதபோதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஜாவா எழுத வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீபக்கரை (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பிழை தேட உதவும் கருவியை) சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை என்பதால் ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் ஜேடிகே என்ற ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்புடன் வரும் ஜேடிபி என்ற கட்டளைவரி டீபக்கரை வைத்தே பேசுகிறேன். எக்லிப்ஸ், இன்டெல்லிஜே போன்ற ஐடிஇ-க்கள் (கோட் எழுதவும் ஓட்டவும் உதவும் செயலிகள்) பட்டன்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பதை அது வெளிப்படையாகக் காட்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

டீபக்கர் என் புரோகிராமை ஓட்டுதா, இல்ல வெளியே நின்னு வேடிக்கை பார்க்குதா?

இரண்டு தனித்தனி புராசஸ்கள் ஓடுகின்றன. ஒன்று உங்கள் புரோகிராமைச் சுமக்கும் ஜேவிஎம் (ஜாவா மெய்நிகர் இயந்திரம்), இன்னொன்று டீபக்கர். இரண்டும் ஜேடிடபிள்யூபி என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. நீங்கள் பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடத்துக்கான குறி) வைக்கும்போது டீபக்கர் அனுப்புவது ஒரு கோரிக்கை: "இந்தக் கிளாஸில் இந்த இடத்துக்கு வந்தால் நின்று எனக்குச் சொல்." நிறுத்துவது ஜேவிஎம்.

அதனால் பிரேக்பாயின்ட் நிற்கவில்லை என்று யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது மூன்றே கேள்விகள். நீங்கள் பேசுவது சரியான ஜேவிஎம்மோடுதானா? அதற்குள் ஏறியிருப்பது நீங்கள் நினைக்கிற கிளாஸ்தானா? அந்த வரியில் ஓடக்கூடிய கோட் இருக்கிறதா? கீழே வருகிற பெரும்பாலான பதில்கள் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

ஜாவா நல்லா ஓடுது, ஆனா ஜேடிபினு அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குது. ஏன்?

ஜாவாவை ஓட்டுவதற்கு மட்டுமான ஜேஆர்இ-யில் ஜேடிபி கிடையாது, ஜேடிகே வேண்டும். ஜாவாசி என்று அடித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஜேடிகே-யே இல்லை. ஜேடிகே போட்டும் வரவில்லையென்றால் 'பாத்' என்ற சூழல் மாறி பழைய இடத்தைக் காட்டுகிறது. ஜேடிகே-க்குள் இருக்கும் 'பின்' என்ற பெயருள்ள அடைவை அதில் முதலாவதாகச் சேருங்கள்.

ஜேடிபி-க்கு கிளாஸ் பேர் கொடுத்தேன். வெறும் '>' குறி வந்து நிக்குது. ஹேங் ஆயிடுச்சா?

இல்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறது. பிரேக்பாயின்ட் வைக்க வாய்ப்புத் தருவதற்காக ஜேடிபி உடனே புரோகிராமைக் கிளப்பாது. முதலில் 'ஸ்டாப் இன் கணக்கு.மெயின்' என்று வைத்துவிட்டு, 'ரன்' என்று அடியுங்கள். நின்றதும் குறி 'மெயின்[1]' என்று மாறும். மெயின் என்பது த்ரெட்டின் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஓர் இழையின்) பெயர், 1 என்பது கால் ஸ்டாக்கில், அதாவது ஒன்றையொன்று அழைத்த மெத்தட்களின் அடுக்கில், மேலே இருக்கும் ஃபிரேம். (கணக்கு என்று தமிழிலேயே கிளாஸுக்குப் பெயர் வைத்தால் ஜாவா ஏற்றுக்கொள்ளும். சில டெர்மினல்கள்தான் எழுத்தைக் குதறும்.)

ரன் அடித்ததும் 'செட் அன்காட் ஜாவா.லாங்.த்ரோவபிள்' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்துப் பிழை என்று பதறாதவர்களை நான் பார்த்ததே இல்லை. யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் வந்தால் நிறுத்து என்று ஜேடிபி தானாகவே ஒரு கோரிக்கை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ரன் அடிச்சா 'மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியலை'ன்னு சொல்லிட்டு வெளியே போயிடுது. ஃபைல் அங்கேயேதான் இருக்கு!

ஃபைல் இருக்கும். ஜேடிபி கேட்பது ஃபைலின் பெயரை அல்ல, கிளாஸின் முழுப் பெயரை. கணக்கு.கிளாஸ் என்று பின்னொட்டோடு கொடுத்தால் 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு கிளாஸை 'கணக்கு' என்ற பேக்கேஜுக்குள் தேடும். பின்னொட்டை விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழக்கமான காரணம் பேக்கேஜ். ஃபைலின் தலையில் 'பேக்கேஜ் கடை;' என்று இருந்தால் கிளாஸின் பெயர் கடை.கணக்கு. அதை 'கடை' அடைவுக்குள் நின்றுகொண்டு ஓட்டினால் கிடைக்காது. ஒரு படி மேலே வந்து ஓட்டுங்கள், அல்லது -கிளாஸ்பாத் என்று அந்த மேல் அடைவைக் காட்டுங்கள். இந்த ஆப்ஷன் கிளாஸ் பெயருக்கு முன்னால் வர வேண்டும். பெயருக்குப் பின்னால் எழுதுவதெல்லாம் உங்கள் புரோகிராமுக்கான ஆர்கியூமென்ட் என்று போய்விடும்.

பிரேக்பாயின்ட் வச்சா 'டிஃபரிங்'னு சொல்லுது. ஏத்துக்கிச்சா, இல்லையா?

பாதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜாவாவில் கிளாஸ்கள் தேவைப்படும்போதுதான் ஏறும். இன்னும் ஏறாத கிளாஸில் பிரேக்பாயின்ட் வைக்க முடியாது என்பதால், ஏறியதும் வைக்கிறேன் என்று ஜேடிபி குறித்துக்கொள்கிறது. வைத்த பிறகு 'செட் டிஃபர்ட் பிரேக்பாயின்ட்' என்று இன்னொரு வரி வரும்.

பொறி இங்கேதான் இருக்கிறது. கிளாஸ் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், பேக்கேஜ் பெயரை விட்டிருந்தாலும் ஜேடிபி அதே மரியாதையோடு குறித்துக்கொள்ளும். அப்படி ஒரு கிளாஸ் ஏறப்போவதே இல்லை, புரோகிராம் நிற்காமல் முடிந்துபோகும், பிழைச் செய்தியும் வராது. அந்த இரண்டாவது வரி வந்ததா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். வரவில்லையென்றால் வேறொரு பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போது 'கிளாசஸ்' என்று அடித்து, ஏறியிருக்கும் பெயர்களில் உங்களுடையதைத் தேடுங்கள்.

'இந்த வரியில் கோட் இல்லை'ங்குது. கண்ணு முன்னாடி இருக்கே?

உங்கள் கண்ணுக்கு இருக்கிறது, கம்பைலர் அதிலிருந்து உருவாக்கி ஜேவிஎம்முக்குத் தரும் பைட்கோடில் இல்லை. ஒரு சின்ன உதாரணம். மெயின் மெத்தடில் 5-ஆம் வரியில் 'இன்ட் மொத்தம்;' என்று அறிவிப்பு மட்டும், 6 காலி வரி, 7-இல் 'மொத்தம் = 0;', 8-இல் 0-விலிருந்து 5-க்குக் கீழே வரை எண்ணும் ஃபார், 9-இல் எண்ணை மொத்தத்தோடு கூட்டும் வரி. 5-ஆம் வரியில் வைத்தால் கோட் இல்லை என்ற பதில்தான் வரும். மதிப்புத் தராத அறிவிப்புக்கு கம்பைலர் எதையுமே உருவாக்குவதில்லை. காலி வரி, கமென்ட், இம்போர்ட் எல்லாம் இதே கதைதான். மதிப்பு எப்போதும் பொய் என்று நிலையாக வைத்த மாறிலியை நிபந்தனையாகக் கொண்ட இஃப் இருந்தால், அதன் உடல் முழுவதையும் ஜாவாசி தூக்கிவிடும். அங்கேயும் நிற்காது.

சந்தேகத்தைத் தீர்க்க ஊகம் வேண்டாம். 'ஜாவாபி -எல் கணக்கு' என்று ஓட்டினால் வரி எண் அட்டவணை வரும். மேலே சொன்ன உதாரணத்துக்கு அது 'லைன் 7: 0', 'லைன் 8: 2', 'லைன் 9: 9' என்று தொடங்கும். இடப்பக்கம் உங்கள் மூலக் கோடின் வரி, வலப்பக்கம் பைட்கோடில் அது தொடங்கும் இடம். இந்த அட்டவணையில் இல்லாத வரியில் எந்த டீபக்கராலும் நிற்க முடியாது. ஐடிஇ-க்கள் அடுத்த வரிக்கு நகர்த்தி வைத்து உங்களைச் சமாதானப்படுத்தும்.

ஃபார் வரியில் வச்சா ஒரே தடவைதான் நிக்குது. லூப் அஞ்சு தடவை சுத்துதே?

முந்தைய பதிலின் அட்டவணையை இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். 9-ஆம் வரிக்குப் பிறகு 'லைன் 8: 13' என்று எட்டு மறுபடி வரும். ஃபார் வரி பைட்கோடில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது: தொடக்க மதிப்பு வைக்கும் துண்டு ஒன்று, எண்ணைக் கூட்டும் துண்டு ஒன்று. ஜேடிபி முதல் துண்டின் தலையில் மட்டும் நிறுத்துகிறது, அது ஒருமுறைதான் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் நிற்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் 9-ஆம் வரியில் வையுங்கள்.

நிக்குது, ஆனா 'லோக்கல்ஸ்' அடிச்சா மாறி எதையுமே காட்டலையே?

ஜாவாசி சும்மா கம்பைல் செய்யும்போது வரி எண்களையும் ஃபைல் பெயரையும் கிளாஸுக்குள் எழுதும், லோக்கல் மாறிகளின் பெயர்களை எழுதாது. அதனால்தான் சரியாக நிற்கிறது, மாறி மட்டும் தெரியவில்லை. 'ஜாவாசி -ஜி' என்று மறுபடி கம்பைல் செய்யுங்கள். மாறாக யாராவது '-ஜி:நன்' என்று செய்திருந்தால் வரி எண்களும் போய்விடும். எக்லிப்ஸ் 'லைன் நம்பர் ஆட்ரிபியூட் இல்லை' என்று குறைப்படுவது அப்போதுதான்.

'லிஸ்ட்' அடிச்சா சோர்ஸ் ஃபைல் கிடைக்கலைங்குது.

கிளாஸுக்குள் இருப்பது ஃபைலின் பெயர் மட்டும், அது எங்கே இருக்கிறது என்பது இல்லை. கிளம்பும்போது -சோர்ஸ்பாத் என்று சொல்லுங்கள், அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே 'யூஸ்' என்று அடித்து அடைவைக் கொடுங்கள். இது இல்லாவிட்டாலும் பிரேக்பாயின்ட் வேலை செய்யும்.

என் புரோகிராம் கீபோர்டிலிருந்து உள்ளீடு வாங்குது. ஜேடிபி-யில ஓட்டினா நான் தட்டுறதை அது கமாண்டுன்னு எடுத்துக்குது!

ஒரே டெர்மினலை இரண்டு பேர் கேட்டால் அப்படித்தான் ஆகும். புரோகிராமை ஒரு டெர்மினலிலும் டீபக்கரை இன்னொன்றிலும் வையுங்கள். முதல் டெர்மினலில் புரோகிராமைக் கிளப்பும்போது ஜாவாவுக்கு இதைக் கொடுங்கள்: -ஏஜென்ட்லிப்:ஜேடிடபிள்யூபி=டிரான்ஸ்போர்ட்=டிடி_சாக்கெட்,சர்வர்=ஒய்,சஸ்பெண்ட்=ஒய்,அட்ரஸ்=5005. இடையில் எங்கும் இடைவெளி விடக்கூடாது. 5005 என்ற போர்ட்டில் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி வரும். இரண்டாவது டெர்மினலில் 'ஜேடிபி -அட்டாச் 5005'.

சஸ்பெண்ட்=ஒய் என்பதால், நீங்கள் இணைந்து, தொடரச் சொல்லும் 'கன்ட்' கட்டளையை அடிக்கும்வரை மெயின் தொடங்காது. அதைத் தொங்கிப்போனதாக நினைத்து மூடிவிடாதீர்கள். சஸ்பெண்ட்=என் என்று கொடுத்தால் காத்திராமல் ஓடும். சர்வர் மாதிரி நீண்ட நேரம் ஓடுவதற்கு அது போதும், சட்டென்று முடிகிற புரோகிராமை அப்படிப் பிடிக்க முடியாது.

விண்டோஸ்ல அதே மாதிரிதான் செய்யறேன். அட்டாச் ஆகலை.

விண்டோஸில் -அட்டாச் என்றால் ஜேடிபி சாக்கெட்டை விட்டுவிட்டுப் பகிர்ந்த நினைவகம் வழியாகத் தேடும். -கனெக்ட் என்ற ஆப்ஷனில் காம்.சன்.ஜேடிஐ.சாக்கெட்அட்டாச் என்று கனெக்டரின் பெயரைக் கொடுத்து, ஒரு முக்காற்புள்ளிக்குப் பின் ஹோஸ்ட்நேம், போர்ட் இரண்டையும் சொல்லுங்கள். இதைத் தெரிந்துகொள்ளும்வரை ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

'அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில்'னு சொல்லி ஜேவிஎம் கிளம்பவே மாட்டேங்குது.

முந்தைய முறை ஓட்டியது இன்னும் சாகாமல் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும். ஜேபிஎஸ் என்று அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்கள் தெரியும்.

யாரும் இல்லையே என்றால் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் யாராவது ஏஜென்ட் வரியை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது அந்தச் சூழலில் கிளம்பும் எல்லா ஜேவிஎம்முக்கும் பொருந்தும். பில்ட் கருவியும் ஒரு ஜேவிஎம்தான், ஜேடிபி-யும் ஒரு ஜேவிஎம்தான். முதலில் கிளம்பியது போர்ட்டை எடுத்துக்கொள்ள, உங்கள் புரோகிராம் வெளியே நிற்கும். 'பிக்ட் அப்' என்று தொடங்கும் ஒரு வரி ஒவ்வொரு முறையும் வந்தால் ஆள் இதுதான்.

அதே வரிதான், என் மெஷின்ல வேலை செய்யுது. சர்வர்லயும் கன்டெய்னர்லயும் இணைய மாட்டேங்குது.

ஜாவா 8 வரை அட்ரஸ்=5005 என்றால் எல்லா முகவரிகளிலும் கேட்கும். ஜாவா 9 முதல் அந்த மெஷினுக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்கும். வெளியிலிருந்து இணைய அட்ரஸ்=*:5005 என்று நட்சத்திரம் வேண்டும். கன்டெய்னரில் அதோடு போர்ட்டையும் வெளியே திறந்துவிட வேண்டும். ஜேடிடபிள்யூபி லைப்ரரியே இல்லை என்று பிழை வந்தால், சுருக்கிக் கட்டிய ஜாவாவில் ஜேடிகே.ஜேடிடபிள்யூபி.ஏஜென்ட் என்ற மாட்யூலை விட்டுவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த நட்சத்திரத்தைப் போடும் முன் ஒரு நிமிடம். இந்த நெறிமுறையில் கடவுச்சொல் கிடையாது. போர்ட்டை எட்ட முடிந்த எவரும் உங்கள் ஜேவிஎம்முக்குள் விரும்பிய கோடை ஓட்டலாம். நான் நட்சத்திரமே போடுவதில்லை. எஸ்எஸ்ஹெச் டனல் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அந்த மெஷினின் 5005-ஐ என் மெஷினுக்குக் கொண்டுவந்து, உள்ளூர் போலவே அட்டாச் செய்கிறேன்.

டெஸ்ட்ல பிரேக்பாயின்ட் வச்சேன். மேவன் ஓடி முடிச்சு 'சக்ஸஸ்'னும் சொல்லிடுச்சு, எங்கேயும் நிக்கலை.

முதல் பதிலின் முதல் கேள்வி: சரியான ஜேவிஎம்தானா? மேவன் என்ற பில்ட் கருவி டெஸ்ட்களைத் தன் ஜேவிஎம்மில் ஓட்டாமல் வேறொன்றைப் பிரித்துக் கிளப்புகிறது. நீங்கள் இணைந்திருப்பது தாயிடம், டெஸ்ட் ஓடுவது பிள்ளையிடம். -டி மேவன்.ஷூர்ஃபயர்.டீபக் என்று கொடுத்தால் பிள்ளை 5005-இல் காத்திருக்கும். இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் டெஸ்ட் கட்டளையோடு --டீபக்-ஜேவிஎம், அங்கேயும் அதே 5005.

நிக்குது, ஆனா சம்பந்தமே இல்லாத வரியில நிக்குது. கமென்ட் மேலெல்லாம் அம்புக்குறி வருது.

ஓடுவது பழைய கிளாஸ். நீங்கள் எடிட்டரில் நாலு வரி சேர்த்திருக்கிறீர்கள், ஜேவிஎம்முக்குள் இருப்பது சேர்க்காதது. மறுபடி கம்பைல் செய்தும் மாறவில்லையென்றால், அதே கிளாஸ் வேறொரு ஜாரிலிருந்து (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைலிலிருந்து) முந்திக்கொண்டு ஏறுகிறது. -வெர்போஸ்:கிளாஸ் என்று கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஃபைலிலிருந்து ஏறியது என்று அச்சாகும்.

ஒருமுறை அரை நாளை இதில் தொலைத்தேன். கோடில் ஒரு வரியைத் திருத்துகிறேன், கம்பைல் செய்கிறேன், ஓட்டினால் பழைய நடத்தை. அச்சிடும் வரி சேர்த்தால் அச்சாகவில்லை. கடைசியில் -வெர்போஸ் வெளியீட்டில் என் கிளாஸின் பெயரைத் தேடினேன். யாரோ 'பேக்கப்' என்ற பெயரில் லிப் அடைவிலேயே விட்டுவைத்த பழைய ஜார் அங்கே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் இரண்டாவது முறை வியப்பாக ஏதாவது நடந்தால் முதலில் அந்த ஆப்ஷனைத்தான் போடுகிறேன்.

உள் கிளாஸுக்குள்ள, லாம்டாவுக்குள்ள, கன்ஸ்ட்ரக்டர்ல எல்லாம் எப்படி வைக்கிறது?

உள் கிளாஸ் கம்பைல் ஆகும்போது தனிக் கிளாஸ் ஆகிறது: கடை என்பதற்குள் பில் இருந்தால் அதன் பெயர் கடை$பில். பெயரில்லாத கிளாஸ்கள் கடை$1, கடை$2. வரி ஒரே ஃபைலில் இருந்தாலும் 'ஸ்டாப் அட் கடை:40' என்றால் ஜேடிபி கோட் இல்லை என்று சொல்லும். 'கடை$பில்:40' என்று கேட்க வேண்டும். லாம்டா அப்படியல்ல. அதன் உடல் வெளிக் கிளாஸிலேயே ஒரு மெத்தடாகப் போகிறது, அதனால் கடை:40 என்றே வைக்கலாம்.

கன்ஸ்ட்ரக்டருக்கு மெத்தட் பெயர் <இனிட்>, ஸ்டேட்டிக் பகுதிக்கு <சிஎல்இனிட்>. ஒரே பெயரில் பல மெத்தட் இருந்தால் ஆர்கியூமென்ட் வகைகளையும் அடைப்புக்குறிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் எது என்று கேட்டு மறுத்துவிடும்.

ஐடிஇ-யில எல்லா பிரேக்பாயின்ட்டும் மங்கலா, கோடு போட்ட மாதிரி இருக்கு.

எக்லிப்ஸில் 'ஸ்கிப் ஆல் பிரேக்பாயின்ட்ஸ்', இன்டெல்லிஜேயில் 'மியூட் பிரேக்பாயின்ட்ஸ்'. கை தவறி அழுத்தியிருப்பீர்கள். மறுபடி அழுத்துங்கள்.

ஆயிரமாவது சுற்றுலதான் பிழை வருது. அதுவரைக்கும் 'கன்ட்' அடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

ஜேடிபி-யில் நிபந்தனை பிரேக்பாயின்ட் கிடையாது. நான் செய்வது பழைய வித்தை: கோடிலேயே 'எண் 1000 ஆனால்' என்று ஓர் இஃப் எழுதி, உள்ளே ஏதாவது அச்சிடும் வரி வைத்து, அந்த வரியில் நிறுத்துவது. பிழை எக்ஸெப்ஷனாக வெடிக்கிறதென்றால் இதுகூட வேண்டாம். 'கேட்ச் ஜாவா.லாங்.நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்' என்று அடித்துவிட்டால் எறியப்படும் இடத்திலேயே நிற்கும், வேறு யாராவது பிடித்து விழுங்கினாலும் சரி.

ஐடிஇ-க்களில் நிபந்தனை எழுதலாம். ஆனால் லட்சம் முறை ஓடும் வரியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் நின்று, நிபந்தனையைக் கணக்கிட்டு, மறுபடி கிளம்ப வேண்டும். புரோகிராம் நத்தையாகும். மெத்தட் பிரேக்பாயின்ட்டும் அப்படித்தான், அதற்குப் பதில் மெத்தடின் முதல் வரியில் சாதாரணமாக வையுங்கள்.

'பிரின்ட்'ல மெத்தடைக் கூப்பிட்டா சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் த்ரெட் நிலை சரியில்லைனு பிழை வருது.

பிரேக்பாயின்ட்டிலோ ஸ்டெப்பிலோ நின்ற த்ரெட்டில் மட்டும்தான் மெத்தடைக் கூப்பிட முடியும். 'சஸ்பெண்ட்' அடித்து நடுவழியில் நிறுத்திய த்ரெட்டில் மாறிகளைப் பார்க்கலாம், மெத்தடை ஓட்ட முடியாது.

கூப்பிட முடிந்தாலும் யோசித்துக் கூப்பிடுங்கள். அது உண்மையிலேயே உங்கள் ஜேவிஎம்மில் ஓடுகிறது. ஐடிஇ-யின் மாறிகள் பட்டியல் டூஸ்ட்ரிங்கைத் தானாக அழைப்பதும் உண்டு. அந்த டூஸ்ட்ரிங் எதையாவது முதல்முறையாக உருவாக்கி வைக்கிற வகையாக இருந்தால், டீபக்கரில் பார்க்கும்போது பிழை வராது, பார்க்காதபோது வரும்.

நிறுத்தி வச்சு யோசிச்சுட்டு 'கன்ட்' அடிச்சா டேட்டாபேஸ் கனெக்ஷன் போச்சுங்குது. நிறுத்தாம விட்டா அந்தப் பிழையே வேற மாதிரி வருது.

நீங்கள் நிறுத்தியது ஜேவிஎம்மை, உலகத்தை அல்ல. மறுமுனையில் டேட்டாபேஸின் கடிகாரமும், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் லோட் பேலன்சரின் கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. டீபக் செய்யும் சூழலில் அந்தக் காலக்கெடுக்களை நீட்டி வையுங்கள்.

ஜேடிபி-யிலும் இன்டெல்லிஜேயிலும் வழக்கமாக பிரேக்பாயின்ட் எல்லா த்ரெட்டையும் நிறுத்தும். இரண்டு த்ரெட்கள் முந்திக்கொள்வதால் வரும் பிழை என்றால், நிறுத்திய கணமே அந்தப் போட்டி கலைந்துவிடும். இன்டெல்லிஜேயில் பிரேக்பாயின்ட்டின் அமைப்பில் 'ஆல்' என்பதை 'த்ரெட்' என்று மாற்றினால் ஒன்றை மட்டும் பிடித்து வைத்து மற்றதை ஓடவிடலாம். சில பிழைகளை இப்படி வேண்டுமென்றே வரவழைக்கவும் முடியும்: முதல் த்ரெட்டை மதிப்பைப் படித்த வரிக்கு அடுத்து நிறுத்துங்கள், இரண்டாவதை எழுதி முடிக்க விடுங்கள், பிறகு முதலாவதை விடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பிரேக்பாயின்ட்களை எல்லாம் எடுத்துவிட்டு லாக் வரிகளுக்குப் போய்விடுவேன்.